கணினி ஒலிபெருக்கி

கணினி ஒலிபெருக்கி என்பது கணினியிலிருந்து வரும் மின் குறிகைகளைக் காதால் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றித் தரும் புறக்கருவி ஆகும். சாதாரண ஒலிபெருக்கியிலிருந்து இதனை வேறுபடுத்துவது, இதன் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறிய பெருக்கி அமைந்திருப்பதாகும். கணினியின் ஒலி வெளியீடு ஹெட்போனை இயக்கப் போதுமானது. ஓர் அறையில் ஒலிக்கும் கூம்பை அசைக்க அது போதாது. எனவே கணினி ஒலிபெருக்கிகளுக்குத் தனியாக மின்வழங்கல் தேவைப்படுகின்றது.

விலை குறைந்த கணினி ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் அவற்றின் அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்ட வாட் எண்ணைக் காட்டியே விற்கப்படுகின்றன. பழுதடைந்த ஒன்றுக்கு மாற்றாக வேறொன்றை வாங்குபவரைத் தவறான வழியில் செலுத்துவதும் பெரும்பாலும் அந்த எண்ணே ஆகும். உண்மையான திறனை அறிய உதவும் எண்கள் அடாப்டரின் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

வரலாறு

1981 ஆம் ஆண்டு வெளியான ஐ.பி.எம். தனிமேசைக் கணினியில், பெட்டியின் உள்ளே பொருத்தப்பட்ட ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. எச்சரிக்கை ஒலிகளும் எளிய இசைத் தொனிகளும் எழுப்புவதற்கே அது பயன்பட்டது. 1987 இல் கனடாவின் ஆட்லிப் ஒலி அட்டையும், 1989 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டையும் வந்த பின்னரே கணினிக்கு வெளிப்புற ஒலிபெருக்கி தேவைப்பட்டது. அக்கால ஒலி அட்டைகள் சிலவற்றில் சிறு பெருக்கி ஒன்றும் இருந்தமையால், பெருக்கி இல்லாத ஒலிபெருக்கிகளைக்கூட அவற்றில் நேரடியாக இணைக்க முடிந்தது. பின்னர் ஒலிச்சுற்று தாய்ப்பலகையிலேயே இடம்பெற்றபோது பெருக்கி முழுமையாக ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் சென்றுவிட்டது.

1990களில் விற்கப்பட்ட கணினி ஒலிபெருக்கிகளில் "காந்தக் கவசம் உடையது" என்ற குறிப்பு முக்கியமானதாக இருந்தது. அக்காலத்துக் கதோட்டுக் கதிர்க்குழாய்த் திரைகளின் அருகே சாதாரண ஒலிபெருக்கியை வைத்தால், அதன் நிலைக்காந்தம் எலக்ட்ரான் கற்றையை விலகச் செய்து திரையில் வண்ணத் திட்டுகளை உண்டாக்கும். தட்டைத் திரைகளில் இச்சிக்கல் இல்லை. ஆகவே கவசம் இல்லாத பழைய வீட்டு ஒலிபெருக்கிகளையும் இன்று கணினித் திரையின் பக்கத்தில் தயக்கமின்றி வைக்கலாம்.

பொதுவான இணைப்பான் 3.5 மி.மீ. செருகி ஆகும். அதன் நுனி இடது அலைவரிசையையும், நடு வளையம் வலது அலைவரிசையையும், அடிப்பகுதி பொதுத் தரையையும் தாங்குகின்றன. மைக்ரோசாப்ட், இன்டெல் நிறுவனங்கள் வகுத்த பி.சி. 99 வழிகாட்டியின்படி ஒலி வெளியீட்டுத் துளைக்கு இளம்பச்சை நிறமும், ஒலிவாங்கித் துளைக்கு இளஞ்சிவப்பு நிறமும் வழங்கப்பட்டன. இந்நிற வழக்கம் மேசைக்கணினிகளில் இன்றும் நிலைத்துள்ளது.

செயற்பாடும் அதன் எல்லையும்

பெரும்பாலான இணைகளில் ஒரு பெட்டியில் மட்டுமே பெருக்கி, மின்சுற்று, ஒலியளவுக் குமிழ் ஆகியன இருக்கும். மற்றப் பெட்டியில் கூம்பும் காந்தமும் மட்டுமே உண்டு. அது ஒரு கம்பியால் முதற்பெட்டியுடன் இணைக்கப்படுகின்றது. பெருக்கியிலிருந்து வரும் மின்னோட்டம் காந்தப்புலத்தினுள் உள்ள குரற்சுருளின் ஊடாகப் பாயும்போது, சுருளும் அதனுடன் ஒட்டிய கூம்பும் முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றன. இவ்வமைப்பை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகியோர் 1925 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கினர். அடிப்படைத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை.

தாழ்ந்த அதிர்வெண்களை ஒலிக்க நிறையக் காற்றை நகர்த்த வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு வேண்டும், அல்லது சிறிய கூம்பு அதிகத் தொலைவு அசைய வேண்டும். மேலும் சிறிய பெட்டியினுள் அடைபட்ட காற்று சுருள்வில்போல் எதிர்த்து நிற்கும். சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்தொனி, குறைந்த மின்திறனில் அதிக ஒலி ஆகிய மூன்றில் ஒரே நேரத்தில் இரண்டை மட்டுமே பெற முடியும். ஒலிப்பொறியியலில் இது ஹோஃப்மனின் இரும்பு விதி எனப்படும். இவ்விதிக்குப் பெயர் தந்த ஜோசப் ஆன்டன் ஹோஃப்மன், ஹென்றி குளோசு, மால்கம் லோ ஆகியோருடன் சேர்ந்து 1957 இல் கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கியவர். குளோசு பின்னாளில் 1988 இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் சவுண்ட்வொர்க்ஸ் நிறுவனம் கணினி ஒலிபெருக்கிகளையும் விற்றது. 1997 இல் அதனைக் கிரியேட்டிவ் நிறுவனம் வாங்கியது.

கைக்கு அடக்கமான இரண்டு பெட்டிகளில் "இடி முழக்கம்" கிடைக்கும் என்று விற்பனையாளர் கூறினால், அவர் இவ்விதிக்கு எதிராகப் பேசுகின்றார் எனலாம். நான்கு தந்திப் பேசு கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் ஆகும். 5 செ.மீ. கூம்பு அதனைக் கேட்கத்தக்க அளவில் ஒலிக்காது. மனிதப் பேச்சு விளங்குவதற்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. பழைய தொலைபேசிகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை மட்டுமே கடத்தியும் உரையாடல் தடையின்றி நடந்தது. பாடங்கள், செய்திகள், இணையவழி வகுப்புகள் ஆகியவற்றைக் கேட்பதற்கு மட்டும் ஒலிபெருக்கி தேவைப்படும் வீட்டில், விலை குறைந்த எளிய இணையே போதுமானது.

வாட் எண்களும் அவற்றின் நம்பகமும்

1990களிலும் 2000களிலும் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் சந்தைகளில் ஒலிக்கருவிகள் மீது பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளுடன் 500, 1000 போன்ற எண்கள் பெரிதாக ஒட்டப்பட்டிருந்தன. இசையின் உச்சத் திறன் என்பது இதன் விரிவு. இவ்வளவை எவ்வாறு அளப்பது என்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட தரநியமம் எதுவும் கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய ஒரு கணத்தில், ஒலி எவ்வளவு சிதைந்தாலும் பொருட்படுத்தாமல் கணக்கிட்ட எண்ணைக்கூட ஒரு தயாரிப்பாளர் அச்சிடலாம். இரண்டு பெட்டிகளின் பி.எம்.பி.ஓ. எண்களை ஒப்பிடுவதால் எப்பயனும் இல்லை.

ஆர்.எம்.எஸ். வாட் என்று குறிக்கப்படுவது இதனினும் நம்பத்தக்கது. கண்டிப்பாகப் பார்த்தால் இப்பெயரே பிழையானது; மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும்தான் ஆர்.எம்.எஸ். மதிப்பு உண்டு, அவற்றின் பெருக்கத்தால் கிடைப்பது சராசரித் திறன் ஆகும். இருப்பினும் தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்க இவ்வழக்கு நிலைத்துவிட்டது. இதிலும் சிதைவு எத்தனை விழுக்காடு என்பதைக் கவனிக்க வேண்டும். மலிவான பெருக்கிச் சில்லுகளின் திறன் பெரும்பாலும் 10 விழுக்காடு சிதைவில் குறிக்கப்படுகின்றது. அந்நிலையில் ஒலி கரகரப்பதைப் பயிற்சி இல்லாத காதும் உணரும்.

அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974 இல் வீட்டுப் பெருக்கிகளுக்கென ஒரு விதியை உருவாக்கியது. 2024 இல் அது திருத்தப்பட்டு, 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண், 1 விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவு என அளவிடும் நிபந்தனைகள் வரையறுக்கப்பட்டன.

வாங்குபவர் கடையிலேயே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. அடாப்டரில் குறிக்கப்பட்ட வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் அது தரக்கூடிய மொத்தத் திறன் கிடைக்கும். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் 12 வாட். உள்ளே வருவதை விட அதிகமான திறன் தொடர்ந்து வெளியே செல்ல முடியாது. பழைய வகைப் பெருக்கிச் சுற்றுகளில் அதிலும் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். டி வகுப்புப் பெருக்கிகளில் இழப்பு மிகக் குறைவு. ஆக, பெட்டியில் 1000 என்று எழுதியிருந்தாலும் 12 வாட் அடாப்டருடன் வரும் ஒலிபெருக்கியின் இரு பக்கங்களும் சேர்ந்து தொடர்ந்து தருவது 12 வாட்டுக்கும் குறைவே. அடாப்டர் இன்றி நேரடியாகச் சுவர்ச் செருகியில் இணையும் பெட்டிகளில், பின்புறத் தகட்டில் மின்நுகர்வு வாட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அதையே எல்லையாகக் கொள்ளலாம்.

யூ.எஸ்.பி. வழியே மின்சாரம் பெறும் சிறு ஒலிபெருக்கிகளுக்கு இக்கணக்கு இன்னும் தெளிவாகப் பொருந்தும். யூ.எஸ்.பி. 2.0 துளையின் வரையறுக்கப்பட்ட எல்லை 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்; அதாவது 2.5 வாட். யூ.எஸ்.பி. 3.0 துளையில் இது 4.5 வாட். இத்தகைய ஒலிபெருக்கிகளில் பரவலாகக் காணப்படும் பி.ஏ.எம். 8403 என்னும் சில்லு, 4 ஓம் சுமையில் 10 விழுக்காடு சிதைவுடன் பக்கத்துக்கு 3 வாட் தரக்கூடியது. இரு பக்கமும் சேர்ந்த அந்த 6 வாட்டைத் தொடர்ந்து வழங்க யூ.எஸ்.பி. 2.0 துளையால் இயலாது.

ஆனால் குறைந்த வாட் என்பது குறைந்த ஒலி என்று பொருள்படாது. திறனை இரு மடங்காக்கினால் ஒலி மட்டம் 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 82 டெசிபல் தரும் ஓர் எளிய ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். மேசையில் 60 செ.மீ. தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு அது ஏறத்தாழ 86 டெசிபலாகக் கேட்கும். உலக நலவாழ்வு அமைப்பு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றது. மேசைப் பயன்பாட்டுக்குச் சிதைவற்ற 2 அல்லது 3 வாட்டே தாராளம் என்பது இதனால் விளங்கும். 5 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் இடையே கூடுதல் விலை கொடுப்பதை விட, சற்றுப் பெரிய கூம்பும் கனமான பெட்டியும் உடைய ஒன்றுக்குக் கொடுப்பது பயனுள்ளது. கையில் தூக்கிப் பார்க்கும்போது தெரியும் எடை முற்றிலும் நம்பத்தக்க சான்றன்று எனினும், காந்தத்தின் அளவையும் பெட்டியின் தடிப்பையும் பற்றி அட்டைப்பெட்டியை விட அதிகம் கூறும்.

பழுதறிதல்

புதிய ஒலிபெருக்கி வாங்கப்படும் நிகழ்வுகள் பலவற்றில் பழையது உண்மையில் பழுதடைந்திருப்பதில்லை. எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைக்கப்பட்ட திரையை ஓர் ஒலிக்கருவியாகக் கருதி, இயங்குதளம் ஒலியைத் தானாகவே அத்திரைக்குத் திருப்பிவிடுவது உண்டு. திரையில் ஒலிபெருக்கி இல்லையெனில் எதுவும் கேட்காது. ஒலி அமைப்புகளில் வெளியீட்டுக் கருவியை மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்து, ஹெட்போன் ஒன்றைக் கணினியின் பச்சைத் துளையிலும், ஒலிபெருக்கியின் செருகியைக் கைப்பேசி அல்லது வானொலி போன்ற வேறொரு கருவியிலும் இணைத்துப் பார்த்தால் குறை எப்பக்கம் என்பது தெரிந்துவிடும். கணினியின் முன்பக்கத் துளை தளர்ந்திருந்தாலும் பின்பக்கத் துளை நன்றாக இயங்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்காதபோது செருகியை மெல்லச் சுழற்றினால் ஒலி வந்து போகுமாயின், செருகிக்கு அருகே கம்பி உள்ளே அறுந்திருக்கும். புதிய செருகி ஒன்றைப் பற்றவைக்க ஆகும் செலவு மிகச் சிறியது. குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பு, அதனுள் படிந்த தூசியால் வருவது. தொடுமுனைத் துப்புரவுத் தெளிப்பானால் பெரும்பாலும் நீங்கும்.

விடாத ரீங்காரம் வேறு வகை. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், திருத்திச் சுற்றிலிருந்து 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழக்கூடும். அதனை வடிகட்ட வேண்டிய மின்பகு மின்தேக்கி காலப்போக்கில் உலர்ந்துவிடும்போது இரைச்சல் வெளியே கேட்கத் தொடங்குகின்றது. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியசு உயரும்போதும் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளரின் கணிப்பு. எப்போதும் மின் இணைப்பிலேயே விடப்படும் ஒலிபெருக்கிகள் விரைவில் ரீங்கரிக்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்தேக்கியை மாற்றுவது எளிய வேலையே. ஆயினும் சுவர் மின்சாரம் நேரடியாக உள்ளே செல்லும் பெட்டிகளை அனுபவம் இல்லாதவர் திறக்கலாகாது.

எவ்வித ஒலியும் இன்றி விளக்கும் எரியாவிடில், முதலில் ஐயுற வேண்டியது அடாப்டரை. மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவும் நேர், எதிர் முனைகளின் அமைவும் பழையதனுடன் பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். சில ஒலிபெருக்கிகளின் அடாப்டர் நேர் மின்னோட்டம் தராமல் தாழ்ந்த வோல்ட்டில் மாறு மின்னோட்டமே தரும். இதைக் கவனியாமல் செருகி பொருந்துகின்றது என்பதற்காக வேறு வகையை இணைப்பது, நன்றாக இருந்த பெருக்கியையும் கெடுத்துவிடக்கூடும்.

இணைப்பு முறைகள்

3.5 மி.மீ. செருகி உடையவை பெரும்பாலான கணினிகளுடன் இணையும். எந்த மென்பொருளும் வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. ஒலிபெருக்கிகளில் இரு வகை உண்டு. ஒன்றில் மின்சாரம் மட்டும் யூ.எஸ்.பி. வழியே வரும், ஒலிக்குறிகை 3.5 மி.மீ. செருகி வழியே வரும். மற்றொன்றில் இரண்டும் யூ.எஸ்.பி. வழியே வருவதால் கணினி அதனைப் புதியதோர் ஒலிக்கருவியாகக் காணும். தாய்ப்பலகையின் ஒலிச்சுற்று பழுதடைந்த கணினிக்கு இரண்டாம் வகை நல்ல தீர்வாகும். கடைகளில் இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் வடத்தின் முனைகளை எண்ணிப் பார்ப்பது நன்று.

புளூடூத் ஒலிபெருக்கியில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும். எஸ்.பி.சி. குறிமுறையில் இத்தாமதம் பொதுவாக 100 மில்லி வினாடிக்கு மேல் இருக்கும். நிகழ்படங்களில் மென்பொருள் இதனை ஓரளவு ஈடுசெய்துவிடும். கணினி விளையாட்டுகளுக்கும், விசைப்பலகை வாசித்துப் பழகுவோர்க்கும் இது உதவாது.

இரட்டையும் சப்வூஃபர் உடையதும்

இரு பெட்டிகள் மட்டும் உள்ளவை 2.0 எனவும், தாழ்தொனிக்கெனச் சப்வூஃபர் என்னும் தனிப்பெட்டி சேர்ந்தவை 2.1 எனவும் குறிக்கப்படுகின்றன. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைக் காது உணர்வது கடினம் என்பதால் அப்பெட்டியை மேசைக்கடியில் வைக்கலாம் என்பது இதன் அடிப்படை. மலிவான 2.1 தொகுதிகளின் பக்கப் பெட்டிகள் மிகச் சிறியனவாக இருப்பதால், சப்வூஃபர் 150 அல்லது 200 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டியதாகின்றது. ஆண் குரலின் அடித்தொனி இப்பகுதியில் அமைவதால், பேசுபவர் திரையிலும் அவர் குரலின் கனம் மேசைக்கடியிலுமாகப் பிரிந்து கேட்கும். அத்துடன் ஒரே விலைக்கு மூன்று பெட்டிகளையும் கூடுதல் பெருக்கியையும் தர வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றின் தரமும் குறையும். சிறு தொகையே செலவிடக்கூடியவர் அத்தொகையில் நல்லதொரு 2.0 இணையைத் தெரிவதே மேல். திரைப்படங்களின் அதிர்வை விரும்புவோர் 2.1 வாங்குவதில் தவறில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ் வீட்டார் அதே அதிர்வை விரும்புவது அரிது.

வைக்கும் இடம்

ஒலிபெருக்கியைச் சுவருக்கு அருகே நகர்த்தினால் தாழ்தொனி ஓங்கும். அறையின் மூலையில் வைத்தால் அது மிகுந்து மழுங்கலாகக் கேட்கும். மெலிந்த ஒலியுடைய சிறு இணைக்குச் சுவரின் அண்மை செலவில்லாத உதவி ஆகும். உயர் அதிர்வெண்கள் நேர்க்கோட்டில் செல்பவை ஆதலால் பெட்டிகளைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துக் காதை நோக்கி வைக்க வேண்டும். இரு பெட்டிகளுக்கும் கேட்பவருக்கும் இடையிலான தொலைவுகள் சமமாக அமைவது நன்று.

பழைய ஒலித்தொகுதியைப் பயன்படுத்தல்

வீட்டில் முடங்கிக் கிடக்கும் பழைய ஸ்டீரியோ பெருக்கியும் அதன் மரப்பெட்டி ஒலிபெருக்கிகளும் புதிய மலிவுத் தொகுதிகள் பலவற்றை எளிதில் விஞ்சும். ஒரு முனையில் 3.5 மி.மீ. செருகியும் மறுமுனையில் இரு ஆர்.சி.ஏ. செருகிகளும் உள்ள வடம் ஒன்றை வாங்கி, பெருக்கியின் துணை உள்ளீட்டில் இணைத்தால் போதும். கிராமபோன் இசைத்தட்டுக்கென உள்ள உள்ளீட்டில் இணைத்தால் ஒலி சிதையும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் இவ்வடங்கள் கிடைக்கின்றன. பெருக்கி இல்லாத ஒலிபெருக்கியை நேரடியாகக் கணினியில் இணைப்பதும், பெருக்கியின் ஒலிபெருக்கி முனைகளைக் கணினி ஒலிபெருக்கியின் உள்ளீட்டில் இணைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

பயன்படுத்திய ஒலிபெருக்கியை விலைக்கு வாங்குவோர் முகப்புத் துணியை அகற்றிக் கூம்பின் விளிம்பைப் பார்க்க வேண்டும். நுரைப்பொருளால் ஆன விளிம்பு ஈரப்பதத்தில் பத்து, இருபது ஆண்டுகளில் பொடிந்துவிடும். இரப்பர் விளிம்பு இதனினும் நெடுநாள் உழைக்கும். கூம்பை நான்கு விரல்களால் சமமாக மெல்ல அழுத்தும்போது உள்ளே உரசும் ஓசை கேட்டால், குரற்சுருள் இடம் பெயர்ந்துள்ளது என்று பொருள்.